முதல்ல பலம், அப்புறம்தான் பவர்!

சிட்லபாக்கம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் ஒரு காலேஜ் பையன் கைக்குப் பழைய மாருதி 800-ஓ எஸ்டீமோ வந்து சேர்ந்தால் முதலில் என்ன நடக்கும்? சைலன்சர் மாறும். அடுத்து பானெட்டுக்குள் கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர் உட்காரும். அப்புறம் ஸ்டிக்கர். சத்தம் கூடினதும் பவரும் கூடிவிட்டதாக ஒரு நம்பிக்கை. கடைசியில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டிலோ வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ இன்னொரு வண்டிக்காரனைப் பார்த்து, "என்ன, பாத்துடலாமா?"

பழைய எஞ்சினை டிராக் ரேஸுக்குத் தயார் செய்யும் ஆசையில் தப்பே இல்லை. அது நல்ல ஆசை. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாலு வருஷப் பாடத்தை விட அதிகம் சொல்லிக்கொடுக்கும் ஆசை. ஆனால் செய்கிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. வடிவேலுவின் பேஸ்மெண்ட் காமெடி தெரியாத தமிழன் கிடையாது. நம்ம ஊர் டியூனிங்கில் பாதி அந்த காமெடிதான். என்ன, இதில் அடிபடுகிறவன் நிஜமாகவே அடிபடுகிறான்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பழைய எஞ்சினுக்கு முதல் செலவு பலத்துக்கு. மிச்சம் இருந்தால் பவருக்கு. பலத்துக்குக் காசு இல்லை என்றால் பவருக்கும் ஆசைப்படக் கூடாது. பலப்படுத்தின எஞ்சினுக்கும் இடம் டிராக்தான், ரோடு இல்லை.

எஞ்சின் ஏன் உடைகிறது?

டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவு இல்லை, பிரேக் இல்லை. கிளம்பினதிலிருந்து கோடு தாண்டும் வரை ஆக்சிலரேட்டர் முழு மிதி. சில நொடிகள்தானே என்று தோன்றும். அந்தச் சில நொடிகளில் எஞ்சின் அனுபவிப்பது, ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓடும் கார் வருஷக்கணக்கில் பார்க்காத சித்திரவதை.

மாருதி 800-ன் பழைய எஃப்8பி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சிசி, பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 72 மில்லிமீட்டர். 6000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 தடவை முழுசாக நின்று திசை மாறுகிறது. பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அது கனெக்டிங் ராடை மேலே இழுக்கும் விசை சுமார் அரை டன் எடைக்குச் சமம். வெறும் 300 கிராம்!

இந்த இழுப்பு ஆர்.பி.எம்.மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6000-லிருந்து 7500-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, இழுப்போ 56 சதவீதம் கூடுகிறது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே அடைபட்ட காற்று பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் அந்தத் தாங்கலும் கிடையாது. அங்கே பிஸ்டனைப் பிடித்து வைத்திருப்பது ராடின் அடியில் இருக்கும் இரண்டே இரண்டு போல்ட். இருபது வருஷப் பழைய போல்ட். அது நீண்டாலோ அறுந்தாலோ ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

இது முதல் எதிரி, இழுப்பு. இரண்டாவது எதிரி அழுத்தம். கம்ப்ரஷனை ஏற்றினாலும், டர்போ மாட்டினாலும், 2001-ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படம் பிரபலமாக்கிய நைட்ரஸை ஊதினாலும், சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறும். ஹெட் கேஸ்கெட் ஊதிக்கொள்ளும். நாக்கிங் வந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை.

பவர் வேண்டுமென்றால் ஒன்று ஆர்.பி.எம். ஏற வேண்டும், இல்லை அழுத்தம் ஏற வேண்டும். மூன்றாவது வழி பெரிதாக எதுவும் இல்லை. இரண்டுக்கும் கூலி கொடுப்பது கீழே இருக்கும் பாகங்கள்தான்.

வண்டலூர் சொல்லும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி டெட்ராய்ட் போக வேண்டியதில்லை. தாம்பரம் தாண்டினால் வண்டலூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 70-களில் கெஸல் எல்லாம் அங்கே பிறந்த வண்டிகள். ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி, நாலு சிலிண்டர். ஆனால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றுதான்.

இங்கிலாந்தில் இதே எஞ்சின் குடும்பம் 1950-களில் 803 சிசியில் ஆரம்பித்தது. 948, 1147, 1296 என்று வளர்ந்து, டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1493 சிசி வரை போனது. மேலே வளர்ந்துகொண்டே போனது, கீழே கடைசி வரை அதே மூன்று பேரிங். சாதாரண ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. அதிக ஆர்.பி.எம்.மில் தொடர்ந்து விரட்டினால் தாங்கல் இல்லாத இடத்தில் கிராங்க் நெளியும், பேரிங் தேயும். 1493 சிசி எஞ்சினை விரட்டி ஓட்டினவர்கள் இதற்குக் கொடுத்த விலை பழைய கார் பிரியர்களிடம் இன்றைக்கும் பேச்சு.

எஸ்டீமில் இருந்த ஜி13 எஞ்சினுக்கு ஐந்து மெயின் பேரிங். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலும் ஒரு தாங்கல். ஒரு எஞ்சின் எவ்வளவு பவரைத் தாங்கும் என்பதில் பாதி இப்படி டிராயிங் போர்டிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த எஞ்சினை எடுக்கிறோம், அதன் அடிப்பக்கம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமல் சைலன்சர் கடைக்குப் போவது, மண் பரிசோதனை செய்யாமல் மாடி கட்டுவது மாதிரி.

தண்ணி குடிச்ச எஞ்சினா?

பழைய எஞ்சின் என்றால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கும். தென்சென்னைப் புறநகரில் அந்தச் சரித்திரத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, வெள்ளத்தில் நின்ற வண்டியா? 2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த கதை சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. முடிச்சூர் பக்கம் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023-ல் மிக்ஜாம் புயல் வேறு.

தண்ணீர் காற்று மாதிரி சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஒருவர் சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டும். வளைவது கனெக்டிங் ராடு. நிறைய வளைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கொஞ்சமாக வளைந்தால்தான் ஆபத்து. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், விற்கப்படும், புதுப்பேட்டைக்குப் போய் இன்னொரு வண்டிக்கு மாறவும் செய்யும். வேளச்சேரி ரோட்டில் நாற்பதில் போகிற வரை யாருக்கும் தெரியாது. 7000 ஆர்.பி.எம்.மில் தெரியும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்து உயரம் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொஞ்சம் தாழ்ந்து நின்றால் சந்தேகம் உறுதி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பழைய எஞ்சினில் ஒரு ரூபாய் கூடப் போடக் கூடாது.

எதை எதைப் பலப்படுத்துவது?

நம்ம ஊரில் 'எஞ்சின் வேலை' என்றால் போர் பண்ணி, ரிங் மாற்றி, புகையை நிறுத்துவது. அது ரிப்பேர். கம்பெனி கொடுத்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது. பலப்படுத்துவது வேறு, கம்பெனி நினைத்துப் பார்க்காத சுமைக்குத் தயார் செய்வது. அதன் வரிசை ஏறக்குறைய இப்படி:

1. முழுசாகப் பிரித்து அளப்பது. சிலிண்டர் வட்டமாக இருக்கிறதா, மேலும் கீழும் ஒரே அளவா, கிராங்க் ஜர்னல் தேய்ந்திருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் பார்ப்பது. கிராங்குக்கும் ராடுகளுக்கும் கிராக் டெஸ்ட். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்தான் முதலில் வாயைத் திறக்கும்.

2. கனெக்டிங் ராடு. புது போல்ட் போடாமல் மூடக் கூடாது. ராடின் மேல்பரப்பைச் சின்ன இரும்பு உருண்டைகளால் அடித்து இறுக்கும் ஷாட் பீனிங் செய்தால் விரிசல் கிளம்புவது தள்ளிப்போகும். எல்லா ராடும், எல்லா பிஸ்டனும் ஒரே எடைக்கு வர வேண்டும். கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் சேர்த்து பேலன்சிங்.

3. பிஸ்டன். மிதமான மாற்றத்துக்கு நல்ல வார்ப்பு பிஸ்டன் போதும். டர்போ, நைட்ரஸ் என்று போனால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் இல்லாமல் முடியாது. அது சூட்டில் அதிகம் விரியும் ரகமாக இருந்தால் சிலிண்டரில் இடைவெளியும் கூட வைக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் தட்டும். ரிங் முனைகளுக்கு நடுவில் இடைவெளியும் கூட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டனையே உடைக்கும்.

4. ஹெட். ஃபேசிங் செய்து மட்டம் பார்த்து, நல்ல கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன வரிசையில் சொன்ன அளவுக்கு முடுக்குவது. 'கை அளவு தெரியும் தம்பி' என்று முடுக்குகிற கைக்குத் தனி மரியாதை உண்டு, ஆனால் ரேஸ் எஞ்சினில் வேண்டாம். ஆர்.பி.எம். ஏறப் போகிறது என்றால் வால்வு ஸ்பிரிங்கும் மாற வேண்டும். பழைய ஸ்பிரிங் வால்வைச் சரியான நேரத்துக்கு மூடாது.

5. ஆயில். வண்டி குபீர் என்று கிளம்பும்போது சம்பில் இருக்கும் ஆயில் முழுக்க பின்பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். ஒரு நொடி போதும், பேரிங் காலி. சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பது பெரிய செலவே இல்லை. ஆனாலும் மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

இந்தப் பட்டியலில் வெளியே தெரிகிற ஐட்டம் ஒன்று கூட இல்லை. போட்டோ எடுத்துப் போட முடியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை :-)

இன்னொரு விஷயம். இதற்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்தால்தான் ஆகும் என்பதும் பாதிதான் உண்மை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், மறைமலை நகரில் ஐ.பி. ரிங்ஸ், பாடியில் சுந்தரம் ஃபாசனர்ஸ், கோவையில் பைமெட்டல் பேரிங்ஸ். பிஸ்டன், ரிங், போல்ட், பேரிங் செய்கிற ஊரில்தான் இருக்கிறோம். ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் சொல்லிக்கொடுக்க 1949-லேயே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்துவிட்டது. அளக்கவும் யோசிக்கவும் ஆள் இல்லாத இடம் இல்லை இது.

போர் பண்ணினால் பவர் வருமா?

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "போர் பண்ணிட்டோம், இனிமே பிச்சுக்கும்!" கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 69. மொத்த கொள்ளளவு 796-லிருந்து சுமார் 808 சிசி ஆகும். கூடினது 12 சிசி, ஒன்றரை சதவீதம். ஓட்டுகிறவனின் காலைச் சாப்பாட்டு எடை அதை விழுங்கிவிடும். இழந்தது சிலிண்டர் சுவரில் ஒவ்வொரு பக்கமும் கால் மில்லி. தேய்மானத்தைச் சரிசெய்ய போர் பண்ணுவது நியாயம். பவருக்காகப் பண்ணுவது, சுவரைச் சுரண்டி வீட்டைப் பெரிதாக்குவது.

பெட்ரோலும் மாறிவிட்டது

பழைய டியூனிங் சூத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணம் இ20. 2025-க்குள் நாடு முழுக்க பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஆக்டேனை ஏற்றும், அந்த வகையில் நாக்கிங்குக்கு நல்லது. ஆனால் சுத்த பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்குச் சுமார் 13.5 பங்குதான். அதே காற்றுக்கு எரிபொருள் கூட வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய அளவிலேயே ஊற்றும். கலவை மெலியும், முழு மிதியில் பிஸ்டன் கொதிக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்துவது நிதான ஓட்டத்தில்தான். முழு மிதியில் பழைய கணினி சென்சாரைக் கேட்காமல் மனப்பாடக் கணக்கில்தான் ஊற்றும். டிராக் ரேஸில் இருப்பதே முழு மிதி மட்டும்தானே! ஜெட்டும் மேப்பும் இன்றைய பெட்ரோலுக்கு மாற வேண்டும். எத்தனால் தாங்காத பழைய ரப்பர் குழாய்களும் மாற வேண்டும். அதில் கசிவு வந்தால் எஞ்சின் போவது மட்டுமில்லை, தீயும் பிடிக்கும்.

எஞ்சினோடு முடிந்துவிடாது. கிளட்சைப் படக்கென்று விட்டுக் கிளம்பும் அதிர்ச்சி கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், எஞ்சின் மவுண்டிங் எல்லாவற்றிலும் விழும். முன்சக்கர டிரைவ் வண்டியில் கிளம்பும்போது எடை பின்னால் போகும், முன் டயர் பிடி இல்லாமல் துள்ளும். துள்ளித் துள்ளிப் பிடிக்கும்போதுதான் ஷாஃப்ட் முறியும். அவசரத்தில் மூன்றிலிருந்து நாலுக்குப் பதில் இரண்டாவது கியர் விழுந்தால், எந்த ரெவ் லிமிட்டரும் காப்பாற்றாது. அப்போது எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம்.

சரி, எங்கே ஓட்டுவது?

அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின் கீழ் குற்றம். பந்தயம் மட்டுமில்லை, வேகத்தைச் சோதித்துப் பார்ப்பதும் அதில் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக டிராக்குக்காகக் கட்டின கார், ரோட்டுக் கார் இல்லை. அதை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். வேகம் இரட்டிப்பானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. எஞ்சினைப் பலப்படுத்தலாம், ஜி.எஸ்.டி. ரோட்டில் நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் குறுக்கே வருகிறவரின் எலும்பைப் பலப்படுத்த முடியாது. பந்தயத்துக்குச் சம்மதம் சொன்னது ஓட்டுகிற இரண்டு பேர். அவர் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு ரேஸ் புதுசும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தது 1953-ல். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் பல வருஷம் பந்தயம். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலம். கையில் இருந்த ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசிடரையும் லேத் பட்டறையில் தேற்றித்தான் ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, இன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டினார். அந்த வகைக் காரில் பழகின நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். மார்க்கெட்டுக்குப் போய்வர வாங்கின காரின் எஞ்சினிலிருந்து அங்கே வரைக்கும் ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதை ஓடினது டிராக்கில்.

ஆனால் 'டிராக்குக்குப் போ' என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவதும் நியாயமில்லை. சிட்லபாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஒரு மணி நேரப் பயணம்தான். தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்திருக்கிறது. சாம்பியன்களுக்கு இடம் கிடைக்கிறது. சொந்தக் காசில் ஒரு பழைய 800-ஐக் கட்டின மாணவனுக்கு? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனால் கொடுக்க முடிகிற கட்டணத்தில், 402 மீட்டர் நேர்கோடு. ஹெல்மெட், பெல்ட், ஆயில் கசிவு, பிரேக் சோதனை பாஸ் ஆனால்தான் உள்ளே அனுமதி. பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ். கையில் நேரம் அச்சடித்த ஒரு சீட்டு. ராத்திரி ரோந்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை போக்குவரத்துக் காவல்துறையும், மோட்டார் கிளப்புகளும், எஞ்சினியரிங் காலேஜ்களும் சேர்ந்து இதற்குப் போட்டால் வெளிவட்டச் சாலையில் பாதிக் கூட்டம் குறையும்.

அந்தச் சீட்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சைலன்சர் சத்தத்துக்கும் ஸ்டிக்கருக்கும் அதில் மார்க் கிடையாது. பத்து ஓட்டம் ஓடி, பத்தும் ஒரே நேரத்தைக் காட்டி, பதினோராவது ஓட்டத்துக்கும் எஞ்சின் ஆயில் சிந்தாமல் ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது போல்ட்டும், பேரிங்கும், அளந்து பார்த்த மைக்ரோமீட்டரும்தான்.